புதுக் குழலும் முதல் நூறு தோட்டாக்களும்

அமெரிக்கத் துப்பாக்கி ரேஞ்சுகளில், ரைஃபிளுக்குப் புதுக் குழல் மாட்டிக்கொண்டு வந்திருப்பவரைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். மற்றவர்கள் சுட்டுக்கொண்டிருப்பார்கள், இவர் துடைத்துக்கொண்டிருப்பார். ஒரு குண்டு சுடுவார். போல்ட்டை உருவி வைப்பார். நீளக் கம்பியின் முனையில் சின்னத் துணித்துண்டைச் செருகி, அமோனியா நெடியடிக்கும் கரைப்பானில் நனைத்து, குழலின் பின்பக்கமாக விட்டு முன்பக்கம் தள்ளுவார். வெளியே வரும் துணி நீலமாக இருந்தால் இன்னொரு துணி. அதுவும் நீலமென்றால் மற்றொன்று. நீலம் மறைந்ததும் அடுத்த குண்டு. இப்படி ஐந்து முறை, பத்து முறை, சிலர் இருபத்தைந்து முறை. அப்புறம் மும்மூன்றாகச் சுட்டுத் துடைப்பது, ஐந்தைந்தாகச் சுட்டுத் துடைப்பது. பொழுது போய்விடும், செலவான தோட்டா ஐம்பதைத் தாண்டியிருக்காது.

குழலைப் பழக்குவது என்று இதற்குப் பெயர். பழக்காத குழலில் செம்பு ஒட்டும், துல்லியம் கெடும், ஆயுள் குறையும் என்பது நம்பிக்கை. இதைச் செய்பவர்களில் பலர் கடைத் தோட்டா வாங்குவதில்லை. பித்தளைக் கூடு, பிரைமர், மருந்து, குண்டு என்று நான்கையும் தனித்தனியே வாங்கி, வீட்டு மேசையில் பிரஸ் வைத்துத் தாங்களே தோட்டாவைத் தயாரிக்கிறார்கள். மருந்தை கிரெயின் கணக்கில் நிறுக்கிறார்கள். ஒரு கிரெயின் என்பது 0.065 கிராம்கூட இல்லை. இந்தியாவில் ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குச் செய்ய மத்திய அரசின் உரிமம் எதுவும் தேவையில்லை, விற்றால்தான் தேவை. ஆகவே அங்கே இது மரவேலை, தோட்டவேலை மாதிரி ஒரு வீட்டுப் பொழுதுபோக்கு. இந்தக் கைத்தோட்டாக்காரர்தான் பழக்கும் சடங்கை மிகக் கவனமாகச் செய்கிறவர். அவருக்குத்தான் இதில் உண்மையான லாபமும் இருக்கிறது. ஆனால் அந்த லாபம் அவர் நினைக்கிற இடத்தில் இல்லை என்பது என் கட்சி.

முதலில் சடங்குக்குச் சாதகமான வாதத்தை அதன் பலமான வடிவத்திலேயே எடுத்துக்கொள்வோம். நல்ல குழல் செய்கிறவர் எஃகுத் தண்டில் துளை போட்டு, சுருள்வரிகளை உண்டாக்கி, கடைசியாக உள்ளே ஈயத்தை வார்த்து, அதில் தேய்ப்புப் பசை தடவி, முன்னும் பின்னுமாகக் கையால் இழுத்து இழுத்து மெருகேற்றுகிறார். இதனால் உள்ளே மிஞ்சும் நுண்கோடுகள் எல்லாம் குண்டு போகும் திசையிலேயே ஓடுகின்றன. பிறகு அந்தக் குழல் துப்பாக்கி மெக்கானிக்கிடம் போகிறது. தோட்டா உட்காரும் அறையை அவர் ரீமர் என்னும் சுழல் கருவியால் குடைகிறார். அறை முடிந்து சுருள்வரி தொடங்கும் இடத்துக்குத் தொண்டை என்று பெயர். ரீமர் சுழன்று வெட்டுவதால் அங்கே மட்டும் கருவித் தடங்கள் வட்டமாக, குண்டின் பாதைக்குக் குறுக்கே விழுகின்றன. கண்ணாடிக் குழாய் போன்ற போர்ஸ்கோப்பை உள்ளே விட்டுப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும்: பளபளவென்று நீளக் கோடுகள் ஓடும் குழல், அதன் தொடக்கத்தில் மட்டும் அடுக்கடுக்காக மெல்லிய வளையங்கள்.

விஸ்கான்சினைச் சேர்ந்த கிரீகர் என்ற குழல் நிறுவனம் தரும் விளக்கம் இதன்மேல்தான் நிற்கிறது. குண்டின் செம்பு உறையை அந்த வளையங்கள் சுரண்டுகின்றன. சுரண்டிய செம்பு, பின்னால் வரும் சூட்டு வாயுவில் ஆவியாகி, குழலின் முன்பகுதியில் போய்ப் படிகிறது. துடைக்காமல் தொடர்ந்து சுட்டால் செம்பின்மேல் செம்பு சேரும். தொண்டையில் உள்ள வளையங்களையும் செம்பு மூடிக்கொள்ளும். அவை தேய்ந்து வழவழப்பாகத் தாமதமாகும். துடைத்துவிட்டால் அடுத்த குண்டு வெற்று எஃகைத் தொடும். ஸ்டெயின்லெஸ் குழலுக்குச் சில சுற்றுகள் போதும், குரோம்-மாலி எஃகுக்கு 25 வரை போகலாம், துணியில் செம்பு குறைந்ததும் நிறுத்திவிடலாம் என்பது அவர்களுடைய வழிகாட்டல். அதில் அளவு தெரிந்து பேசும் தொனி இருக்கிறது. தொண்டையைப் பற்றி மட்டுமே பேசுகிறது. முழுக் குழலையும் மெருகேற்றுவதாக எங்கும் சொல்லவில்லை.

ஆனால் ரேஞ்சில் நடப்பது வேறு. அங்கே நம்பப்படுவது நம்மூர் 'ரன்னிங்-இன்' கதை: புது பைக் வாங்கினால் முதல் ஆயிரம் கிலோமீட்டர் முறுக்காமல் ஓட்டு, எஞ்சின் பழகட்டும். இந்த ஒப்புமையில்தான் கோளாறே. எஞ்சினில் பிஸ்டன் வளையமும் சிலிண்டர் சுவரும் லட்சக்கணக்கான தடவை எண்ணெய்க்கு நடுவே ஒன்றையொன்று தேய்த்து, ஒன்றுக்கொன்று பொருந்திக்கொள்கின்றன. குழலில் அப்படி இரண்டு பாகங்கள் இல்லை. ஒவ்வொரு குண்டும் புதியது. ஒரே ஒரு தடவை போகிறது. உள்ளே இருக்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றேகால் மில்லிவிநாடி. மூவாயிரம் குண்டு சுட்டுத் தீர்ந்த குழலின் மொத்த உழைப்பு நான்கு விநாடிக்குள் அடங்கிவிடும். குண்டின் உறையோ 95 பங்கு செம்பும் 5 பங்கு துத்தநாகமும் சேர்ந்த மெத்தென்ற உலோகம். முப்பது மென்குண்டுகள் கடின எஃகை நீளம் முழுக்க மெருகேற்றும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தொண்டையில் மாற்றம் நடக்கிறதுதான். அதில் பெரும்பங்கு செம்பின் வேலை இல்லை. எஃகின் உருகுநிலையையும் தாண்டிய வெப்பத்தில் பாயும் வாயுவின் வேலை. அந்த வாயு, துடைத்தாலும் துடைக்காவிட்டாலும் வரும். தொண்டையை வழவழப்பாக்கும் அதே வாயுதான் பின்னால் அதை அரித்து, விரிசல் விழவைத்து, குழலைக் கொல்லவும் போகிறது.

மறுபக்க வாதத்தை மிகக் காரமாக வைத்தவர் மறைந்த கேல் மெக்மில்லன். அரிசோனாவில் குழலும் துப்பாக்கிக் கட்டையும் செய்தவர். தான் தொழிலில் வளர்த்துவிட்ட ஒரு குழல் உற்பத்தியாளர்தான் இந்தப் பழக்கத்தைத் தொடங்கிவைத்தார் என்று அவர் சொன்னார். மூவாயிரம் குண்டு ஆயுள் உள்ள குழலில் நூறைப் பழக்குவதிலேயே செலவழிக்க வைத்தால், வருஷத்துக்கு எத்தனை குழல் கூடுதலாக விற்கும் என்பதுதான் அந்த மனிதரின் கணக்காம். டெக்சாஸின் ஷைலன் நிறுவனம் இவ்வளவு காரம் காட்டவில்லை. வாடிக்கையாளர்கள் எதிர்பார்க்கிறார்கள் என்பதற்காகத்தான் ஒரு முறையை வகுத்துக் கொடுத்தோம், எங்களைப் பொறுத்தவரை இது பெரிய விஷயமில்லை என்ற பொருளில் வெளிப்படையாகவே எழுதி வைத்தார்கள். விற்பவரே தோளைக் குலுக்கும் ஒரு பழக்கத்தை வாங்குபவர் இவ்வளவு பக்தியோடு செய்வது யோசிக்கவேண்டிய விஷயம்.

மெக்மில்லன் கணக்கிலும் ஓட்டை உண்டு. நூறு குண்டு வீண் என்று அவர் முடிவு கட்டிவிட்டுத்தான் கணக்கையே தொடங்குகிறார். கைத்தோட்டாக்காரருக்கு அந்த நூறு வீணாகத்தான் வேண்டுமா என்ற கேள்வியை அவர் தொடவில்லை. அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் சாட்சியம். இரு தரப்பிலும் சாட்சியம் என்று சொல்லப்படுவது அநேகமாக அனுபவம்தான். 'நான் பழக்கினேன், பிரமாதமாகச் சுடுகிறது' என்பார் ஒருவர். 'நான் பழக்கவே இல்லை, அதுவும் பிரமாதமாகத்தான் சுடுகிறது' என்பார் பக்கத்து மேசைக்காரர். ஒரு குழலை ஒரு தடவைதான் பழக்க முடியும். பழக்காமல் விட்டிருந்தால் அதே குழல் எப்படிச் சுட்டிருக்கும் என்று யாராலும் பார்க்க முடியாது. ஒழுங்காகச் சோதிப்பதென்றால் ஒரே எஃகுத் தொகுதியிலிருந்து ஒரே கையால் செய்த குழல்கள் பல வேண்டும். பாதியைப் பழக்கி, பாதியைப் பழக்காமல், எல்லாவற்றையும் சாகும்வரை சுட வேண்டும். குழல் விலை ஒவ்வொன்றும் பல நூறு டாலர்; ஆயிரக்கணக்கான தோட்டாக்கள் தனி. இந்தச் செலவைச் செய்ய யாருக்கும் அவசரமில்லை. கரைப்பான் விற்பவருக்கு நிச்சயமாக இல்லை.

போதாக்குறைக்கு, சுடுகிறவர்கள் பார்க்கும் அளவுகோலே ஆடுகிற அளவுகோல். பழக்குவதற்கு முன் மூன்று குண்டு, பின் மூன்று குண்டு சுட்டு, துளைகளுக்கு இடைப்பட்ட தூரத்தை ஒப்பிடுவார்கள். மாற்றமே இல்லாத அதே குழல், அதே தோட்டாவில்கூட ஒரு மூன்று-குண்டுத் தொகுதி இன்னொன்றைவிட இரண்டு மடங்கு விரிவது சர்வசாதாரணம். முதலில் மோசமாக விழுந்தது தற்செயல் என்றால், அடுத்தது பெரும்பாலும் சுமாராகவே விழும். நடுவில் துடைத்த துணிக்குத்தான் புகழ் போகும்.

அந்த நீலத் துணியையும் நெருங்கிப் பார்க்க வேண்டும். அமோனியாக் கரைப்பான் செம்பைத் தொட்டால் நீலமாகும், சரி. ஆனால் பலர் குழலைத் தேய்ப்பது வெண்கலப் பிரஷ்ஷால். துணியைத் தாங்கும் முனை பித்தளை. இரண்டிலும் செம்பு இருக்கிறது. கரைப்பான் அவற்றையும் கரைக்கும். துணி நீலமாகத்தான் வரும். குழல் எப்போதோ சுத்தமாகியிருக்க, தன் பிரஷ்ஷின் செம்பைத் துரத்திக்கொண்டு ஒருவர் இன்னும் இருபது தடவை கம்பியை இழுப்பார். நைலான் பிரஷ், நிக்கல் பூசிய முனை என்று மாற்றினால் பாதி நீலம் அன்றைக்கே காணாமல் போகும். கம்பியை நேராகப் பிடிக்கும் வழிகாட்டிக் குழாய் இல்லாமல் இத்தனை முறை தள்ளுவதில் இன்னொரு ஆபத்து: கம்பி வளைந்து தொண்டையில் உரசும், வெளியேறும்போது குழல் வாயின் விளிம்பில் இடிக்கும். துல்லியத்துக்கு அந்த இரண்டு இடங்களும்தான் உயிர்நாடி.

செம்பின்மேல் இவ்வளவு பயம் எங்கிருந்து வந்தது? இதற்கு ஒரு நியாயமான பூர்வீகம் இருக்கிறது, சுவாரஸ்யமானதும்கூட. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ராணுவத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிளுக்கு .30-06 தோட்டா 1906-இல் வந்தபோது, குண்டின் உறை செம்பும் நிக்கலும் கலந்த உலோகம். அந்தக் காலத்துக்கு அது அதிவேகக் குண்டு. உறை, குழல் வாய்க்கு அருகே கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டது. துணியால் தேய்த்து எடுக்கிற சங்கதி இல்லை. குழலின் பின்பக்கத்தைத் தக்கை வைத்து அடைத்து, முன்பக்கம் ரப்பர்க் குழாய் மாட்டி, கடும் அமோனியாக் கரைசலை ஊற்றி ஊறவைப்பார்கள். கொஞ்சம் அசந்து அது உள்ளேயே காய்ந்துவிட்டால் குழல் துருப்பிடித்துப் போகும். சிலர் குண்டின் மூக்கில் கிரீஸைத் தடவிச் சுட்டுப் பார்த்தார்கள்.

1921-இல் தேசியப் போட்டிக்காக ராணுவத் தொழிற்சாலை ஒரு தீர்வோடு வந்தது: குண்டுக்கு வெள்ளீயப் பூச்சு. செம்பு-நிக்கல் கட்டி குறையத்தான் செய்தது. ஆனால் வெள்ளீயம், பித்தளைக் கூட்டின் கழுத்தோடு தானாகவே பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொண்டது. இந்தத் தோட்டாவில் கிரீஸ் வேண்டாம் என்று எச்சரித்தும் பழக்க தோஷத்தில் சிலர் தடவினார்கள். கழுத்து விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறி, ரைஃபிள்கள் உடைந்தன. ராணுவத்தின் ஆயுதப் பிரிவு அதிகாரியாக இருந்த ஜூலியன் ஹேட்சர் 1947-இல் வெளியிட்ட தன் குறிப்புப் புத்தகத்தில் இந்தக் கதையை விரிவாக எழுதியிருக்கிறார். சீக்கிரமே செம்பு-துத்தநாக உறைக்கு மாறினார்கள். கட்டிப் பிரச்சினை அதோடு தீர்ந்தது. நோய் போய் நூறு வருஷமாகிறது, பத்தியம் மட்டும் தொடர்கிறது. இப்போது மருந்திலேயே செம்பை அகற்றும் சேர்மானம் கலந்து விற்கிறார்கள். ஹாட்ஜ்டன் நிறுவனத்தின் சிஎஃப்ஈ 223 மருந்துக்குப் பெயரே அதிலிருந்து வந்ததுதான்.

இனி கைத்தோட்டாக்காரரின் நூறு. லாபுவா நிறுவனத்தின் பித்தளைக் கூடுகள் நூறு கொண்ட நீலப் பெட்டியில் வருகின்றன. புதுக் கூடு அந்த ரகத்தின் எந்தத் துப்பாக்கி அறையிலும் உட்கார வேண்டும் என்பதால் சற்றுச் சிறியதாகவே செய்யப்படுகிறது. ஒரு தடவை சுட்டதும் விரிந்து, அந்த ஒரு அறையின் அச்சாக மாறிவிடுகிறது. கழுத்தின் உள்ளே மெல்லிய கரி படிகிறது; அடுத்த தடவை குண்டைப் பிடிப்பதும் விடுவதும் சீராகிறது. பெட்டியிலிருந்து எடுத்த கூட்டில் கண்ட வேகமும் துல்லியமும், ஒருமுறை சுட்ட கூட்டில் அப்படியே வராது. ஆகவே புதுக் கூட்டில் உட்கார்ந்து மருந்தளவை நுணுக்கமாகத் தேடுவது வீண்வேலை. அந்த நூறையும் எப்படியும் சுட்டுத்தான் ஆக வேண்டும். மெக்மில்லன் வீண் என்று கழித்த நூறு இதுதான். இங்கே அது வரவில் நிற்கிறது.

இரண்டாவது, இதைவிட முக்கியமானது, வேகம். புதுக் குழலில் முதல் நூறு, இருநூறு குண்டுகளுக்குள் வேகம் கூடுவதைப் போட்டியாளர்கள் பலர் வேகம் அளக்கும் குரோனோகிராஃப் வைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். அதே மருந்து, அதே குண்டு, விநாடிக்கு 50 அடி அளவுக்குக்கூட ஏறலாம். எல்லாக் குழலிலும் ஏறுவதில்லை. ஏன் ஏறுகிறது என்பதிலும் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் இதை அறியாதவர் படும் பாடு தெரிந்த கதை. இருபதாவது குண்டிலேயே மருந்தளவு மேனுவலின் உச்ச அளவுக்குப் பக்கத்தில் ஒரு மருந்தளவைக் கண்டுபிடித்து, 'இதுதான் என் குழலுக்கு' என்று முடிவு செய்து, ஐந்நூறு தோட்டா தயாரித்து அடுக்கிவிடுவார். வேகத்தோடு அழுத்தமும் ஏறியிருக்கும்; நூற்றைம்பதாவது குண்டில் போல்ட் கனக்கும். பிரைமர் தட்டையாகும். கூட்டின் அடியில் எஜெக்டர் அச்சு பளபளவென்று விழும். மேசையில் அடுக்கியிருக்கும் மிச்சத் தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் பிரிப்பதைத் தவிர வழியிருக்காது. கடைத் தோட்டாவில் இந்த வம்பு குறைவு. தொழிற்சாலை கொஞ்சம் இடம் விட்டே நிரப்புகிறது. கைத்தோட்டாவின் சுதந்திரமே இங்கே அதன் பலவீனம்.

இந்த இடத்தில்தான் சடங்கு தன்னைத்தானே கெடுத்துக்கொள்வதைக் கவனிக்க வேண்டும். துடைத்த குழலில் போகும் முதல் குண்டு, பின்னால் வருபவற்றைவிட வேறு வேகத்தில், பல சமயம் வேறு இடத்தில் விழும். போட்டியாளர்கள் துடைத்த பிறகு கணக்கில் சேராத சில குண்டுகளைச் சுட்டுவிட்டே இலக்குக்குப் போவது இதனால்தான். ஒவ்வொரு குண்டுக்கும் துடைப்பவர் சுடும் எல்லாமே துடைத்த குழலின் முதல் குண்டுகள். அந்தக் குழலை அவர் பின்னாளில் அந்த நிலையில் பயன்படுத்தப்போவதே இல்லை. ஆகவே அன்றைய எண்கள் எதற்கும் ஆகாது: வேகம் ஏறுகிறதா என்று சொல்லாது, மருந்தளவுக்கும் உதவாது. துடைப்பதால் வரும் லாபமும் அளப்பதால் வரும் லாபமும் ஒரே குண்டில் கிடைக்காது. ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கிரீகர் வாதத்துக்கு மதிப்புக் கொடுத்து முதல் நாலைந்து குண்டுக்கு மட்டும் துடைக்கலாம். அதிலேயே தொண்டையின் நிலவரம் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு கம்பியைப் பையில் போட்டுவிட்டு, நீலப் பெட்டியின் மிச்சத்தை ஒரே மருந்தளவில் சுடுவதே சரி. மேனுவல் தரும் வரம்பின் நடுப்பகுதி போதும். மெதுவாகச் சுடுகிறேன் என்று தொடக்க அளவுக்கும் கீழே இறங்குவது பாதுகாப்பில்லை. மெல்ல எரியும் மருந்துகளில் அதுவும் ஆபத்து. விலை குறைந்த குண்டே போதுமானது. ஒவ்வொரு குண்டின் வேகத்தையும் நோட்டில் எழுதி வர வேண்டும். இருபது இருபதாகச் சராசரி எடுத்துப் பார்த்தால் ஏற்றம் எங்கே நிற்கிறது என்பது கண்ணில் படும். மருந்தளவு தேடும் வேலை அதற்குப் பிறகு, அறைக்கு அச்சான கூடுகளில்.

விதிவிலக்கும் உண்டு. 6 டாஷர் போன்ற தோட்டா ரகங்களில் பலர் கூட்டின் தோளையே சுட்டு முன்னுக்குத் தள்ளுகிறார்கள். துல்லியப் போட்டிக் குழலின் ஆயுளே இரண்டாயிரம் குண்டுகளுக்கு அக்கம்பக்கம் என்னும்போது, அந்த வேலைக்குப் புதுக் குழலைப் பலிகொடுப்பானேன் என்று, ஓய்வுபெற்ற பழைய குழலை அதற்கென்றே சிலர் வைத்திருக்கிறார்கள். அது சரியான கணக்கு. அவர்களுடைய நூறு வேறு.

தொழிற்சாலை ரைஃபிள் வாங்குபவர் விஷயம் இன்னும் வேடிக்கை. ஐரோப்பாவில், துப்பாக்கிச் சோதனைக்கான பன்னாட்டு அமைப்பான சி.ஐ.பி.யின் விதியை ஏற்ற நாடுகளில், ஒவ்வொரு ரைஃபிளும் உச்ச அழுத்தத்தைவிட 25 சதவீதம் கூடுதலான சோதனைத் தோட்டாவால் சுடப்பட்டு முத்திரை வாங்கிய பிறகே கடைக்கு வருகிறது. அமெரிக்காவில் அப்படிக் கட்டாயச் சட்டம் இல்லை. இருந்தாலும் பெரிய தயாரிப்பாளர்கள் சோதனைத் தோட்டா சுட்டுத்தான் அனுப்புகிறார்கள். பெட்டியைப் பிரித்து, மென்மையான முதல் குண்டு என்று வாங்கியவர் பக்குவமாகச் சுடுவதற்கு முன்பே, அந்தக் குழல் தன் வாழ்நாளின் மிக மூர்க்கமான குண்டைப் பார்த்துவிட்டது. கையால் மெருகேற்றாத சாதாரணக் குழல் என்றால் உள்ளே நீளம் முழுக்கவே சொரசொரப்பு இருக்கும். ஐந்து துணியோ ஐம்பது துணியோ அதை ஒன்றும் செய்யப்போவதில்லை.

வேட்டைக்காரர்களிடம் இந்தச் சடங்கைப் பரிந்துரைப்பதை மட்டும் நிறுத்தினால் நல்லது. வருஷத்துக்கு ஒரு பெட்டி, இருபது தோட்டா சுடுகிறவருக்கு நாற்பது குண்டுச் சடங்கு என்பது இரண்டு பருவத்துத் தோட்டா. போட்டியாளரைப்போல அவர் மான் எதிரே சில குண்டுகளைக் கணக்கில் சேராமல் சுட்டுக்கொள்ள முடியாது. அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியது, நேற்றைய கரி படிந்த, ஆறிப்போன குழலிலிருந்து காலையில் கிளம்பும் முதல் குண்டு நூறு கஜத்தில் எங்கே போய் விழுகிறது என்பது. துடைத்துத் துடைத்துச் சுட்ட எந்தக் குண்டும் அதை அவருக்குச் சொல்லாது.